மூன்று வருட நோட்டும் அந்த 'இதர' கட்டமும்

போன வாரம் மச்சினன் போன் செய்தான். "மாமா, மாசம் அஞ்சாயிரம் போடலாம்னு இருக்கேன், எந்த மியூச்சுவல் ஃபண்டு நல்லா இருக்கு?" கிரெடிட் கார்டு பாக்கி எவ்வளவு என்று கேட்டேன். "அது கெடக்கு மாமா, மினிமம் கட்டிட்டுத்தான் இருக்கேன்." அவனுக்குப் படித்துக் காட்டத்தான் பீரோவிலிருந்து வரவு செலவு நோட்டுகளை எடுத்தேன். மூன்று வருடம், மூன்று நோட்டு. சேலம் முதல் அக்ரஹாரத்தில் வாங்கிய 192 பக்க லாங் சைஸ்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் அவனைப் போலத்தான் இருந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறவன், சொந்தக் கணக்கு எழுதியதில்லை. ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்ஐபி 2,000 போய்க்கொண்டிருந்தது, கார்டில் 64,000 நின்றது. நோட்டில் எழுதிய முதல் மாதமே வயிற்றைக் கலக்கியது. மாதம் மூன்றரை சதவீத வட்டி 2,240, அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 2,643. நான் கட்டிய 3,200-இல் அசலில் கழிந்தது வெறும் 557 ரூபாய். வருடத்துக்கு 42 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு எந்த ஃபண்டில் போட்டு எதைப் பிடிப்பது?

எஸ்ஐபியை நிறுத்தி, வீட்டுக்காரி செயினை அடகு வைத்து கார்டை அடைத்தேன். நகைக்கடன் வட்டி அதில் கால்வாசிகூட இல்லை. செயினை மீட்க 14 மாதம் ஆனது. அந்த 14 மாதமும் எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் அவள் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது எந்தப் பக்கத்திலும் இல்லை.

அப்புறம் ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்துத் தனிக் கணக்கில் வைத்தேன். வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டி ஆர்டர் குறைந்து, மூன்று மாதம் பாதிச் சம்பளம் வந்தபோது அதுதான் அரிசி வாங்கியது. குடும்ப மருத்துவக் காப்பீடும் எடுத்தாகிவிட்டது. 2025 செப்டம்பர் 22-இலிருந்து குடும்ப பாலிசி உட்பட தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை என்றானதும் 21,240 கட்டிய இடத்தில் 18,000. அன்றைக்கு நோட்டில் சிவப்பு மையில் கோடு போட்டேன்.

சரி, இப்போது அந்த 'இதர'.

பால், காய்கறி, பள்ளிக்கூடம், பெட்ரோல் எல்லாம் தன் கட்டத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். கடைசிக் கட்டம் மட்டும் அடங்காது. இந்த வருடம் மே மாதம் 3,410. ஒரு ராத்திரி உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். இரண்டு மொய் 1,000. ஏற்காடு போய்வந்ததில் படகுக்கும் மக்காச்சோளத்துக்குமாக 1,250. தட்டுவடை நடுவே காயும் சட்னியும் வைத்துத் தரும் எங்கள் ஊர்த் தீனியான தட்டுவடை செட் 290. மீதி 870 எங்கே போனது என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஜிபேயில் பார்க்கலாமே என்பீர்கள். பார்த்தேன். யாருக்குப் போனது என்று இருக்கிறது, எதற்கு என்று இல்லை. செட் கடை அண்ணன் பேரில் மட்டும் 40, 60, 40 என்று வரிசையாக நிற்கிறது.

மூன்று வருடமும் இதே கதை. கேட்டால் சண்டை. "ஒரு முழம் பூ வாங்குனாக்கூட எழுதணுமா?" என்று அவள் பேனாவை வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவள் கேட்பதும் நியாயம்தான். 'இதர'வில் என் தட்டுவடையும் உண்டு என்பது அவளுக்கும் தெரியும். கடன் அடைத்துக் கொடுத்த நோட்டு என்கிற மரியாதை எனக்கு உண்டு. ஆனாலும் மாதக் கடைசியில் அதை விரித்தால் பட்டறைக் கணக்கில் வராத கோபம் வருகிறது.

மச்சினனிடம் என்ன சொன்னேன்? கார்டை அடை, ஆறு மாதச் செலவை ஒதுக்கு, பாலிசி எடு, ஃபண்டை அப்புறம் பார்க்கலாம் என்றேன். நோட்டு வாங்கட்டுமா என்றான். வேண்டாம்டா என்றுவிட்டேன். இரண்டு நிமிடம் முன்னால் அதே நோட்டை அவனிடம் புகழ்ந்துகொண்டிருந்தவனும் நான்தான்.

ஆனால் நாலாவது நோட்டு வாங்கியாகிவிட்டது. இந்தத் தடவை 'இதர' கட்டத்தை அரை விரல் அகலத்துக்குத்தான் கோடு போட்டேன். ஒன்பதாம் தேதியே இடம் நிரம்பி, ஓரத்தில் பொடி எழுத்தில் அவள் கையெழுத்து கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. முதல் வரி: 'உங்கள் செட் – 60.'