வேக்ஸ், சீலண்ட், செராமிக், பிபிஎஃப்: சென்னைக் காருக்கு எந்தப் பூச்சு பொருந்தும்?

அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டுக் கடைகளில் காரின் பெயின்டுக்குப் பாதுகாப்பாக எதைப் பூசலாம் என்று கேட்டால், சில நூறு ரூபாய் வேக்ஸ் டப்பா முதல் லட்சம் ரூபாயை எட்டும் பிளாஸ்டிக் படலம் வரை எடுத்துக் காட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் வாக்குறுதி பளபளப்புதான். ஆனால் பளபளப்பை வைத்து இவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை, ஏனெனில் நன்றாகக் கழுவி, பாலிஷ் செய்து, பூசிய அன்று நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே மின்னும். கார் பகலில் எங்கே நிற்கிறது, எந்தத் தண்ணீரில் கழுவப்படுகிறது, அதைத் தினமும் துடைப்பவர் எந்தத் துணியால் துடைக்கிறார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகுதான் தேர்வுக்கு அர்த்தம் வருகிறது.

முதலில் எதைக் காப்பாற்றுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். தகட்டின் மேல் துரு தடுக்கும் அடிப்பூச்சு, பிரைமர், நிறம் தரும் பூச்சு, அதற்கும் மேலே நிறமற்ற க்ளியர் கோட் என அடுக்கடுக்காக இருக்கும் பெயின்டின் மொத்தத் தடிமன் பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் வரைதான். அதில் க்ளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் வேதிப்பொருள்கள் இந்த மெல்லிய அடுக்கில்தான் இருக்கின்றன. கீறலை நீக்கச் செய்யும் ஒவ்வொரு பாலிஷும் இதிலிருந்து சில மைக்ரானைச் சுரண்டி எடுக்கிறது. சுரண்டியது திரும்ப வளராது. ஆகவே நல்ல பூச்சு என்பது பாலிஷ் செய்ய வேண்டிய தேவையைத் தள்ளிப்போடுவது. எந்தப் பூச்சையும் இந்த ஒரு கண்ணோட்டத்தில் எடை போடுவதே சரி என்று கருதுகிறேன்.

சென்னையில் அந்த க்ளியர் கோட்டின் எதிரிகள் யார் யார் என்றும் பார்க்க வேண்டும். மே மாதக் கத்திரி வெயிலில் திறந்தவெளியில் நிற்கும் கறுப்புக் காரின் பானெட் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அந்தச் சூட்டில் இளகியிருக்கும் பரப்பில் காக்கை எச்சமோ புறா எச்சமோ விழுந்து காய்ந்தால், ஒரே பிற்பகலில் நிரந்தரத் தடம் பதிந்துவிடும். அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் தெருவோர மரநிழலைத் தேடி நிறுத்தினால், இலைகளில் வாழும் பூச்சிகள் சுரக்கும் பிசுபிசுப்பான இனிப்புத் திரவம் கூரையெங்கும் படிகிறது. புறநகர் ரயில் பாதைக்கு அருகில் நிற்கும் வெள்ளைக் கார்களில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளாகத் தெரிவது, தண்டவாளத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறந்து வந்து குத்தி நின்ற இரும்புத் துகள்களின் துரு. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின்நிலையச் சாம்பல். ஆனால் இவை எல்லாவற்றையும் விட அதிகக் கார்களைக் கெடுப்பவை இரண்டு: போர்வெல் தண்ணீரும், தினமும் காலையில் ஒரே வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்துப் பத்துக் கார்களைத் துடைக்கும் வழக்கமும்.

வேக்ஸிலிருந்து தொடங்கலாம். நல்ல வேக்ஸின் ஆதாரம், பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கப்படும் கர்னாபா மெழுகு. அதன் உருகுநிலை 82 முதல் 86 டிகிரி வரை என்றாலும், டப்பாவில் அது தனியாக இருப்பதில்லை. எளிதாகத் தேய்ப்பதற்காக எண்ணெய்களும் மென்மையான பிற மெழுகுகளும் கலக்கப்படுவதால் கலவை அதைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகுகிறது. குளிர்நாடுகளில் இரண்டு மூன்று மாதம் நிற்கும் வேக்ஸ், திறந்தவெளியில் நிற்கும் சென்னைக் காரில் கோடையில் சில வாரங்களே நிற்கும். வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கும் பழைய காரைத் தன் கையால் தேய்த்து மகிழ்பவருக்கு வேக்ஸ் ஏற்றது. தினசரி அலுவலகம் போய்வரும் காருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சீலண்ட் என்பது செயற்கைப் பாலிமர்களால் ஆனது. அதிலுள்ள அமினோ வகைச் சிலிக்கோன்கள் க்ளியர் கோட்டைப் பற்றிக்கொண்டு, பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் இறுகுகின்றன. மெழுகைப் போல வெயிலில் இளகுவதில்லை. நம் வெயிலிலும் மூன்று முதல் ஐந்து மாதம் வரை நிற்கும், பாட்டில் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், ஒரு சிறிய காருக்கு ஒரு முறைக்கு இருபது, முப்பது மில்லி போதும் என்பதால் ஒரு பாட்டில் பல முறைக்கு வரும். குறையும் உண்டு: படலம் மிக மெல்லியது, கல்லடியையோ ஆழமான கீறலையோ அது தடுக்காது, எச்சம் விழுந்தால் துடைப்பதற்குச் சற்றே கூடுதல் அவகாசம் தரும், அவ்வளவுதான்.

செராமிக் கோட்டிங்கைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதைச் சுற்றித்தான் அதிகமான மிகைகள் சொல்லப்படுகின்றன. சிலிக்கா சார்ந்த பிசின் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகி, க்ளியர் கோட்டோடு வேதிப் பிணைப்பில் ஒட்டிக்கொள்கிறது. ஷாம்பு, எச்சம், மரப்பிசின் ஆகியவற்றை சீலண்டைவிட நன்றாகவே தாங்கும். முறையாகச் செய்து முறையாகப் பராமரித்தால் இரண்டு ஆண்டுகள் வரை உழைப்பதும் உண்மை. ஆனால் விளம்பரங்களில் வரும் "9 எச் கடினம்" என்பது பென்சில் முனைகளால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவுகோல். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலின் 9 அல்ல. சாலைத் தூசியிலும் கடற்கரை மணலிலும் உள்ள குவார்ட்ஸ் துகள் மோஸ் அளவில் 7. அந்தத் துகள் சிக்கிய துணியால் துடைத்தால், பல நேரங்களில் ஒரே ஒரு மைக்ரான் அளவே தடிமன் உள்ள செராமிக் படலத்தின் மீதும் கீறல் விழும். கீறலே விழாது என்று நம்பிப் பணம் கொடுத்தவர், முதல் ஆண்டு முடிவதற்குள் வெயிலில் சிலந்தி வலைக் கோடுகளைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

தண்ணீர் பிரச்சினை இன்னும் நுட்பமானது. செராமிக் பூசிய பரப்பில் நீர் விரியாமல் உருண்டு திரண்டு நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். காரை ஓட்டினால் அந்தத் துளிகள் காற்றில் பறந்துவிடும். நின்றுகொண்டே காய்ந்தால், ஒவ்வொரு துளியும் தன்னிடம் உள்ள உப்பையும் சுண்ணாம்பையும் ஒரே வட்டத்தில் செறித்து விட்டுப் போகும். வேளச்சேரி, திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதிகளில் போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டுவது அரிதல்ல. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஏற்கத்தக்க வரம்பாக வைத்திருப்பது லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். மார்கழிப் பனியும் இதையே செய்கிறது: கூரையில் படிந்த தூசி பனித்துளிக்குள் திரண்டு, வெயில் ஏறியதும் புள்ளிப் புள்ளியாகக் காய்கிறது. இந்தத் தடங்கள் இறுகிவிட்டால் எடுப்பதற்குப் பெரும்பாலும் பாலிஷ்தான் வழி. பாலிஷ் செய்தால் அந்த இடத்தில் செராமிக்கும் போய்விடும், சில நேரம் அடியிலுள்ள க்ளியர் கோட்டிலும் கொஞ்சம் போய்விடும். சீலண்டிலும் தடம் விழும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அது விழுந்தால், தண்ணீரில் சரிபாதி கலந்த வெள்ளை வினிகரால் துடைத்து, அலசி, மறுபடியும் சீலண்டைப் பூசிவிடலாம். இழப்பு ஒரு காலைப் பொழுது. செராமிக்கில் அதே பிழைக்கான விலை இருபதாயிரம் ரூபாயும் சில மைக்ரானும். இந்த வேறுபாட்டையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

கிராஃபீன் என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் இதே சிலிக்கா குடும்பத்தைச் சேர்ந்தவை; பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க அவசியமில்லை. புதுக் கார் டெலிவரியின்போது ஷோரூம்களில் சேர்த்துவிடப் பார்க்கும் "டெஃப்லான் கோட்டிங்" இன்னும் ஐயத்துக்குரியது. அந்தப் பொருள் உருகுவதே 327 டிகிரியில். சமையல் பாத்திரத்தில் அது ஒட்டுவது தொழிற்சாலை உலையின் சூட்டில். கையால் தேய்த்துப் பெயின்டில் அதை அப்படி ஒட்ட வைக்க இயலாது. அங்கே மின்னுவது அதனோடு கலந்த மெழுகும் சிலிக்கோனும்தான். அந்தப் பணத்தில் நல்ல சீலண்டும் மைக்ரோஃபைபர் துணிகளும் வாங்கினால் இரண்டு ஆண்டுகளுக்குக் காணும்.

பிபிஎஃப் (பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்) எனப்படும் பிளாஸ்டிக் படலம் இவற்றோடு ஒரே வரிசையில் வைக்கத் தக்கதல்ல. 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியுரேத்தேன் அது. கல்லடியையும் துணிக் கீறலையும் உண்மையில் தடுப்பது இது ஒன்றுதான். சிறு கோடுகள் வெயில் சூட்டில் தாமாகவே மறைவதும் உண்மை. முழுக் காருக்கும் ஒட்டுவது பலருக்குக் கட்டுப்படியாகாது. வாரந்தோறும் பெங்களூரு நெடுஞ்சாலையிலோ ஜி.எஸ்.டி. சாலையிலோ லாரிகளுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் கார் என்றால் முன் பம்பர், பானெட், கண்ணாடிக் கூடுகள் ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டி, மற்ற இடங்களுக்குச் சீலண்டு பூசுவது நியாயமான வழி. மலிவான பிவிசி படலத்தைத் தவிர்க்க வேண்டும். வெயிலில் மஞ்சளடித்து, கழற்றும்போது பசையையும் விட்டுப் போகும்.

ஆக, அடுக்குமாடியின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் நிழலில் நிற்கும் கார், மெட்ரோ தண்ணீர் வசதி, சொந்தக்காரரே வாரம் ஒரு முறை இரண்டு வாளி (ஒன்றில் ஷாம்பு நீர், ஒன்றில் துணியை அலச நீர்) வைத்துக் கழுவும் பழக்கம் ஆகிய மூன்றும் இருக்குமானால் செராமிக் தன் விலைக்கு உழைக்கும். திறந்தவெளி, போர்வெல் தண்ணீர், பிறர் துடைப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால்கூட சீலண்டே சிறந்தது என்பது என் தீர்மானம். சென்னைக் கார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையில்தான் வரும். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கடற்கரைப் பகுதியில் உப்புக் காற்றால் வரும் துரு கதவின் அடி மடிப்பிலும் காரின் அடிப்பாகத்திலும்தான் தொடங்குகிறது. மேலே எதைப் பூசினாலும் அங்கே பயனில்லை. அதற்கு ஆன்டி ரஸ்ட் பூச்சு தனி.

சீலண்டைப் பூசும் முறையில்தான் அதன் ஆயுளில் பாதி அடங்கியிருக்கிறது. அதிகாலையில், கூரைக்கு அடியில், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது செய்ய வேண்டும். கார் ஷாம்புவால் கழுவிய பின், இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தால் துகள் உள்ள இடங்கள் ஊதா நிறமாக வழியும். காயவிடாமல் அலசிவிட வேண்டும். பிறகு கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பார்த்தால், வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பும் தெரியும். அது இருந்தால் ஷாம்பு நீரை வழுக்கலுக்குத் தெளித்தபடி, ஒட்டிய துகளைப் பிடித்திழுக்கும் களிமண் போன்ற கட்டியான க்ளே பாரை அழுத்தாமல் ஓட்ட வேண்டும். க்ளே தரையில் விழுந்தால் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது. தூக்கி எறிந்துவிட வேண்டும். பழைய மெழுகும் எண்ணெயும் இருந்தால் பாலிமர் ஒட்டாது என்பதால், ஐந்தில் ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் ஒவ்வொரு பகுதியாகத் துடைக்க வேண்டும்.

பூசும்போது எல்லோரும் செய்யும் தவறு, அதிகமாகப் பூசினால் அதிகப் பாதுகாப்பு என்று எண்ணுவது. ஒட்டாத மிகுதி, துடைக்கும்போது துணிக்குத்தான் போகும். போகாதது கோடாக நிற்கும். பஞ்சில் சிறிதளவு எடுத்து, ஒரு கதவு அளவு இடத்தில் நீளவாக்கிலும் குறுக்கு வாக்கிலும் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அளவுக்குத் தடவி, பாட்டிலில் குறிப்பிட்ட நேரம் விட்டு, மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வெண்தடம் விட்டுவிடும். அதன் பின் ஒரு நாள் முழுவதும் தண்ணீர் படக்கூடாது. இரண்டாம் கோட் வேண்டுமானால் மறுநாள்.

காலத்தைப் பொறுத்தவரை நகரின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாக வருவதால், புரட்டாசியில் ஒரு முறை, பொங்கலை ஒட்டி ஒரு முறை, கத்திரிக்கு முன் பங்குனியில் ஒரு முறை என மூன்று தடவை பூசுவது பொருந்தும்.

பராமரிப்பில் தண்ணீரே முதன்மை. வீட்டு ஆர்ஓ கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் சிக்கனம் கருதிக் கார் கழுவப் பயன்படுத்துகிறார்கள். போர்வெல் தண்ணீரிலிருந்து பிரிக்கப்பட்ட உப்பெல்லாம் சேர்ந்த நீர் அது, காருக்கு அதைவிடக் கெட்ட நீர் இல்லை. மாறாக ஏசியிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து திரண்டது; அதில் உப்பு அநேகமாக இல்லை. நம் புழுக்கத்தில் ஓர் இரவில் சில லிட்டர் சேரும். அதை மெல்லிய துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் தடம் விழுவது வெகுவாகக் குறையும். தினமும் துடைக்க வரும் அண்ணனிடம் இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளை நம் காருக்கென்றே கொடுத்து, தூசி படிந்த நாளில் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற முடியாவிட்டால் அன்று கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும் என்று சொல்லிவிடுவது, எந்தப் பூச்சும் செய்யாததைச் செய்யும்.

சீலண்டு தீர்ந்துவிட்டதா என்பதைத் தேதியை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. ஷாம்பு போட்டு முழுதாக அலசிய பிறகு பானெட்டில் நீர் உருண்டு ஓடினால் இருக்கிறது. தட்டையாகப் பரவிச் சோம்பி நின்றால் தீர்ந்தது. அழுக்கு படிந்த காரில் இந்தச் சோதனை பொய் சொல்லும் என்பதால் கழுவிய பிறகே பார்க்க வேண்டும். விபத்துக்குப் பின் பட்டறையில் புதிதாகப் பெயின்ட் அடித்த கதவோ பம்பரோ இருந்தால், கரைப்பான் முழுதும் ஆவியாகி வெளியேற வேண்டும் என்பதால், அந்தப் பாகத்தில் மட்டும் ஒன்றிரண்டு மாதம் எதையும் பூசாமல் விட வேண்டும்.