நேரே போவதா, போனில் சேர்வதா?

குடியை விட நினைக்கிறவருக்கு யாழ்ப்பாணத்தில் முதல் தடை வெட்கம். குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏஏ (Alcoholics Anonymous) அமைப்பின் கூட்டம் நடக்கும் இடத்துக்குள் நுழையும்போது சித்தப்பாவின் கூட்டாளி கண்டால் மாலைக்குள் ஒழுங்கை முழுக்கக் கதை. இந்த விஷயத்தில் இணையக் கூட்டம் வசதி. தமிழ்நாட்டுக் குழுக்களோடும் சேரலாம். நேர வித்தியாசமும் இல்லை. கமராவை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

ஆனால் போனை ஒரு விரலால் அணைத்துவிடலாம், அதுதான் சிக்கல். தவறணைப் பக்கம் கால் இழுக்கிற பின்னேரத்தில், சைக்கிளில் பத்து நிமிடத்தில் வந்து நிற்கக்கூடிய ஒருவர் வேண்டும். அந்த உறவு நேரில் தேநீர் குடித்துப் பழகித்தான் வரும். 1935இல் அமெரிக்காவில் ஏஏ தொடங்கியதே இரண்டு குடிநோயாளிகள் நேரில் பேசியதில்தான். கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை. குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டுமான ‘மூடிய’ கூட்டமா என்று முதலே விசாரித்தால் வெட்கமும் பாதி குறையும்.

என்னைக் கேட்டால், முதல் சில நாள் போன், அப்புறம் நேரே. பக்கத்து ஊர்க் கூட்டமானாலும் சரி. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவர் இரண்டுக்கும் முன் வைத்தியரைப் பார்க்கவேண்டும்.