வீட்டு ஸ்டீம் பாத் டென்ட்: தொப்பைக்காக வாங்க வேண்டாம்

மடக்கி வைக்கும் டென்ட், 2 லிட்டர் ஸ்டீமர், ஹோஸ், தலை மட்டும் வெளியே நீட்டிக்கொள்ளக் கழுத்து ஓட்டை. 4,000 ரூபாயை ஒட்டி ஆன்லைனில் கிடைக்கிறது. உடல் அலுப்புக்கு அருமையான பொருள். கொழுப்பைக் கரைக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

20 நிமிடம் உட்கார்ந்து எழுந்து எடை பார்த்தால் 300 முதல் 500 கிராம் குறைந்திருக்கும். அத்தனையும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்ததும் பழைய எடை வந்துவிடும். ஒரு கிலோ கொழுப்பு குறைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். சூட்டில் நாடி வேகமாகத் துடித்தாலும் கைகால் தசைகள் சும்மாதானே இருக்கின்றன? தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் 250 கலோரி வரை போகும். டென்ட்டுக்குள் அதில் சிறு பங்குதான் தேறும். பின்லாந்தில் 2,315 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளிவந்த ஆய்வு, அடிக்கடி சவுனா (சூடேற்றிய மர அறையில் உட்கார்ந்து வியர்ப்பது) போகிறவர்களிடம் இதய நோய் மரணம் குறைவு என்றது. அது 80 டிகிரி உலர் சவுனா பற்றியது; கொழுப்பைப் பற்றியது அல்ல.

வாங்கினால் கவனிக்க வேண்டியது தண்ணீர். மதுரை போர் தண்ணீரை ஊற்றினால் சில வாரங்களிலேயே ஹீட்டரில் வெள்ளையாக உப்புப் படிந்து, ஆவி மந்தமாகி, கடைசியில் ஹீட்டர் கம்பிச்சுருளே போய்விடும். கேன் தண்ணீரே ஊற்றுங்கள். படிந்துவிட்டால் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் கழுவலாம். 2 லிட்டரையும் நிரப்பினால் கொதிக்கும்போது சுடுநீர் ஹோஸுக்குள் தெறிக்கும். 1,000 வாட் ஸ்டீமருக்கு 1.25 லிட்டர் போதும்: ஆறேழு நிமிடத்தில் கொதிக்கும், 20 நிமிட ஆவிக்கு அரை லிட்டர் செலவாகும், மிச்சத்தில் ஹீட்டர் மூழ்கியே இருக்கும். நொச்சி இலையை ஸ்டீமரில் போடாதீர்கள், அடியில் ஒட்டிக் கருகும். துணியில் முடிந்து ஹோஸ் வாய்க்கு முன்னால் வையுங்கள், வாயை அடைக்காமல். அங்கே வரும் ஆவி கிட்டத்தட்ட 100 டிகிரி. கால் ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும்.

எர்த் இல்லாத இரண்டு பின் பிளக் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஈரக் கையோடு புழங்கும் பொருள் இது. ஜிப்பை உள்ளிருந்தும் திறக்க முடிய வேண்டும். தலைசுற்றும்போது வெளியே கைவிட்டுத் துழாவ நேரம் இருக்காது. முடித்ததும் டென்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள். ஈரத்தோடு மடித்தால் கரும்புள்ளி பூத்து நாற்றம் பிடிக்கும்.

சித்திரை, வைகாசியில் மதியத்தில் உட்காரவே கூடாது. காலையில், ஃபேன் ஓடும் அறையில், 10 நிமிடத்தில் தொடங்குங்கள். முன்னும் பின்னும் உப்புப் போட்ட மோர். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம், இதய நோய் உள்ளவர்கள், பி.பி., சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது.

எடைப் பிரிவில் ஆடும் கபடி, குத்துச்சண்டைப் பிள்ளைகள் போட்டிக்கு முன்னால் எடை இறக்க இதில் உட்காருவதை வீட்டார் தடுத்தே ஆக வேண்டும். 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி அவசரமாக வியர்த்து எடை குறைக்கப் போய் உயிரையே விட்டார்கள்.