பேட்டரி மட்டுமா, சோலாரும் சேர்த்தா?

கடலோர வீட்டுக்கு வயர் இல்லாத கேமரா என்றால் இரண்டு வழி: கழற்றிச் சார்ஜ் போடுவது, இல்லையென்றால் சின்ன சோலார் தகடு மாட்டியது. பெரும்பாலும் இரண்டுமே உடல் சூடு அசைவதை உணர்ந்துதான் விழிக்கும். முதல் ஓரிரு விநாடி பதிவாகாமல் போகலாம்.

திண்ணைக்கு மேல் மாட்ட முதல் வகையே போதும். கை எட்டும், விலையும் குறைவு. தெருவைப் பார்த்து மட்டும் திருப்பிவிடாதீர்கள். போகிற வருகிற ஆட்டுக்கெல்லாம் விழித்துப் பேட்டரியைக் காலி செய்துவிடும்.

பாம்பனில் வலையும் இன்ஜினும் வைக்கும் கொட்டகைக்கோ, வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய கீழக்கரை வீட்டுக்கோ சோலார்தான். வெயிலுக்கு இங்கே பஞ்சமா? தொல்லை உப்புக் காற்றுதான். தகட்டின் மேல் பிசுபிசுவென்று படியும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அவ்வப்போது துடைக்க ஆள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். பெட்டியில் போட்டிருக்கும் ஐபி 65 என்ற பாதுகாப்புக் குறி தூசிக்கும் தண்ணீருக்கும்தான், துருவுக்கு அல்ல. கூட வரும் திருகாணிகளை நம்பாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தனியாக வாங்கிவிடுங்கள்.

அப்புறம், வைஃபை எட்டாத கொட்டகை என்றால் 4ஜி சிம் போடும் மாடலாகப் பாருங்கள்.