லெவல் 2 அடாஸ்: நெடுஞ்சாலையில் நெடுநாள் ஓட்டிய பிறகு

விளம்பரம் எப்படி இருந்தாலும், நம் ஊர் ஷோரூம்களில் விற்கும் அடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் தானியங்கி வசதிகள்) அதிகபட்சம் லெவல் 2 தான். ஸ்டியரிங், ஆக்ஸிலரேட்டர், பிரேக் மூன்றையும் வண்டி பார்த்துக்கொள்ளும். சாலையைப் பார்ப்பது ஓட்டுநரின் வேலை.

அதில் உருப்படியான வசதி அடாப்டிவ் குரூஸ்: நாம் வைத்த வேகத்தில் ஓடும், முன்னால் வண்டி இருந்தால் அதற்கேற்பத் தானே குறைக்கும். சென்னை–திருச்சி சாலையில் 90-ல் வைத்தால் காலுக்கு நல்ல ஓய்வு. தொல்லை தருவது சுங்கச்சாவடி. பரனூரை நெருங்கும்போது முன்னால் போன கார் வேறு வரிசைக்கு விலகினால், 40-ல் உருண்டுகொண்டிருந்த நம் வண்டி வழி காலி என்று நினைத்து மறுபடி 90-க்கு ஏறப் பார்க்கும். சாவடி கண்ணில் படுவதற்கு முன்பே கேன்சல் பொத்தானை அழுத்திவிடுங்கள். தாண்டியபின் ரெஸ்யூம் அழுத்தும் முன், பழைய செட் வேகம் எவ்வளவு என்று ஒரு பார்வை. முன் வண்டிக்கும் நமக்குமான இடைவெளியை அதிகம் வைத்தால் பைக்குகள் நுழையும், வண்டி சட்டெனப் பிரேக் பிடிக்கும். அதற்காக இடைவெளியைக் குறைக்க வேண்டாம். பின்னால் பஸ் ஒட்டி வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்து, வந்தால் வழிவிடுங்கள்.

நிற்கும் லாரிதான் உண்மையான ஆபத்து. வழிகாட்டிப் பலகை, பாலத் தூண் என்று அசையாத எல்லாவற்றுக்கும் பயந்தால் சும்மா சும்மா பிரேக் விழும். அதனால் வேகமாகப் போகும்போது ரேடாரில் தெரியும் நிலையான பொருள்கள் பலவற்றை மென்பொருள் ஒதுக்கிவிடும். ரிஃப்ளெக்டர் இல்லாமல் இரவில் நிற்கும் லாரியும் அந்தக் கணக்கில் சேரலாம். இருட்டில் கேமராவும் பெரிதாகக் கைகொடுக்காது. 100 கி.மீ. வேகத்தில் வினாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறோம். பீப் சத்தம் கேட்டபின் தலைநிமிர்ந்தால் தாமதம். 2016 மே மாதம் ஃபுளோரிடாவில், குறுக்கே திரும்பிய டிரெய்லரில் ஆட்டோபைலட் (டெஸ்லாவின் ஓட்டுநர் உதவி வசதி) போட்டிருந்த டெஸ்லா கார் மோதி ஓட்டுநர் இறந்தார். அவர் தானியங்கியை அளவுக்கு மீறி நம்பியதையும் விசாரணை ஒரு காரணமாகக் குறித்தது.

வண்டியைக் கோடுகளுக்குள் பிடித்து வைக்கும் லேன் கீப் வசதியை, சாலை வேலை நடக்கும் பகுதிகளில் அணைத்துவிடுவதே நல்லது. டைவர்ஷனில் அழிக்காமல் விட்ட பழைய கோட்டைப் பிடித்துக்கொண்டு தடுப்புப் பக்கம் இழுக்கும். இண்டிகேட்டர் போடாமல் முந்தினாலும் ஸ்டியரிங் எதிர்க்கும் (நம் ஆட்களுக்கு இண்டிகேட்டர் பழக்கம் வந்தால் அதுவும் லாபம்).

கை வைக்காவிட்டால் எச்சரிக்கை வருகிறது என்று ஸ்டியரிங்கில் பாட்டில் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். பல கார்களில் அந்த சென்சார் அறிவது லேசான திருகு விசையை மட்டுமே. கண் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சட்டத்துக்கோ ஓட்டுநர் இருக்கையில் இருந்தவரைத்தான் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவின் கீழ் அபாயகரமாக ஓட்டியதற்கு முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கவனக்குறைவால் உயிர் போனால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு, ஐந்தாண்டு வரை சிறை. "அடாஸ் போட்டிருந்தேன்" என்பது பதிலாகாது.

பராமரிப்பு சிறிதுதான். ஆயுத பூஜை மாலையும் சந்தனமும் பம்பரில் ரேடார் இருக்கும் இடத்தை மறைக்கக் கூடாது. கேமராவுக்கு நேரே கண்ணாடியில் ஸ்டிக்கர் வேண்டாம். பூச்சிக் கறையை அடிக்கடி துடையுங்கள். முன்கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி கேலிப்ரேட் செய்ய (சரியாகப் பார்க்கும்படி அளவமைக்க) வேண்டும், அது பில்லில் இருக்கிறதா என்று பார்த்தபின் வண்டியை எடுங்கள்.