‘எல்லாம் அடக்கம்’ பேக்கேஜில் அம்மா குடித்த டீ

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கும் பயண ஏஜென்டிடம், கோடை விடுமுறைக்காக 46,000 ரூபாய் கட்டினேன். ஊட்டியில் மூன்று இரவு, நான்கு பகல். இரண்டு அறை, ஐந்து பேர். ரயில், டாக்சி எங்கள் பாடு. “தங்கல், சாப்பாடு எல்லாம் அடக்கம் சார், பர்ஸை வெளியே எடுக்கவே வேண்டாம்” என்றார். அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு வேளாவேளைக்கு ஓட்டல் தேடி அலைய வேண்டாமே என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

வாட்ஸ்அப்பில் வந்த வவுச்சரின் மூலையில் ‘எம்.ஏ.பி.’ என்று இருந்தது. அறையின் வகையாக்கும் என்று விட்டுவிட்டேன். மேட்டுப்பாளையத்தில் 7.10 மலை ரயிலைப் பிடித்து நண்பகலில் பசியோடு ஊட்டி ஓட்டலில் போய் நின்றால், வரவேற்பில் இருந்த தம்பி அந்த மூன்று எழுத்தின் மேல் பேனாவால் தட்டிக் காட்டினார். மதியச் சாப்பாடு கிடையாது. அறையும் 2 மணிக்குத்தான்.

ஓட்டல் பாஷையில் சி.பி. என்றால் அறையோடு காலை உணவு மட்டும். எம்.ஏ.பி. என்றால் அதோடு இன்னொரு வேளை, பெரும்பாலும் இரவு. ஏ.பி. என்றால்தான் மூன்று வேளை. அந்த மூன்று வேளையிலும்கூட டீ, தண்ணீர் பாட்டில் சேருமா என்பது தனிக் கேள்வி. இதையெல்லாம் பணம் கட்டிய பிறகு, குளிரில் நின்றுகொண்டு கற்றேன்.

அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஐந்து டீ வேண்டும். தண்டையார்பேட்டையில் தெருமுனைக் கடையில் தூக்குவாளியில் வாங்கி வருவோம். ஊட்டி ஓட்டலிலோ தட்டில் வைத்து, மேலே துணி போட்டு எடுத்து வந்தார்கள். கப் 60 ரூபாய். கிளம்பும்போது பில்லில் 19 டீ! அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “பாதி கப்தானேடா இருந்தது?” என்றார். அப்பாவின் அறைக்கு ஹீட்டர் மூன்று இரவுக்கு 900, மகள் ஆசைப்பட்ட கேம்ப்ஃபயருக்கு 1,000. ஆக 3,040. அதன் மேல் சேவைக் கட்டணம் 304. அதை மட்டும் விடவில்லை. தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று 2022லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது, 2025ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது என்றேன். மறுபேச்சில்லாமல் அந்த 304ஐ நீக்கிவிட்டார்கள்.

ஏஜென்டின் மேல் மட்டும் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. நாங்கள் பீச் ஸ்டேஷன் பக்கம் நின்றுகொண்டே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் தின்று வளர்ந்த குடும்பம். பசித்த இடத்தில் சாப்பிடுவோம். ஓட்டலிலோ காலை உணவே எட்டு மணிக்குத்தான். குன்னூர் போகும் அவசரத்தில் ஒரு நாள் அதை விட்டோம். கட்டிக் கொடுக்கவும் மறுத்துவிட்டார்கள். அன்று இரவே மே மாத நெரிசலில் சிக்கி 9.40க்குத் திரும்பினால், சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஊட்டி சேரிங் கிராஸில் வாங்கிய வர்க்கி பிஸ்கட்தான் இரவுச் சாப்பாடு.

அதே அறைகளை நேரில் கேட்டதற்கு, சாப்பாடு இல்லாமல் ஓர் அறைக்கு இரவுக்கு 4,200 என்றார்கள். இரண்டு அறைக்கு மூன்று இரவுக்கு 25,200. மீதி 20,800 சாப்பாட்டுக்காம். ஆறு வேளையில் நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டது நான்கு வேளை. ஆளுக்கு வேளைக்கு 1,040 ரூபாய். ஆறிப்போன இட்லிக்கு!

மாலத்தீவு மாதிரி, ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட், வெளியே கடையே இல்லை என்றால் இந்த ஏற்பாடு சரி. அங்கும் அந்தப் பேக்கேஜில் பெரும்பாலும் மதுவின் விலை கலந்திருக்கும், குடிக்காதவர்கள் யோசியுங்கள். முழங்கால் வலியோடு அறையை விட்டு நகராதவர்களுக்கும் வசதிதான். எங்கள் அப்பாவே இன்னொரு தடவை போகலாம் என்கிறார். ஊர் சுற்றப் போகிறவர்கள் அறையும் காலை உணவும் மட்டும் எடுங்கள். மீறி எடுத்தால் எந்தெந்த வேளை, எத்தனை மணி வரை, டீ உண்டா, ஹீட்டர் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள்.

எனக்கு ‘எல்லாம் அடக்கம்’ என்று ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி கைகொடுத்தது. நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்தேன் என்றதும் 2,000 ரூபாய் வந்தது. மிச்சத்தை ஏற்காடு பேக்கேஜில் கழித்துத் தருகிறாராம்.