நோஷனை வெளி மென்பொருள்களோடு இணைக்க நான்கு வழிகள்: எது யாருக்கு?

கூகுள் படிவத்தில் ஒருவர் பெயர் பதிகிறார். குறிப்புகளும் அட்டவணைகளும் வைத்துக்கொள்ளும் செயலியான நோஷனில், ஒரு டேட்டாபேஸில் அந்த விவரம் ஒரு வரியாகச் சேர வேண்டும். சேர்ந்ததும் குழுவின் டெலிகிராமுக்கு ஒரு செய்தி போக வேண்டும். நோஷனை வேலைக்குப் பயன்படுத்துகிற யாருக்கும் ஒரு கட்டத்தில் இப்படி ஏதாவது தேவை வந்துவிடும். தேடினால் நான்கு வழிகள் தென்படும்: செயலிகளை ஒன்றோடொன்று கோக்கும் கருவிகளான ஜாப்பியர், மேக், என்8என், அப்புறம் நாமே எழுதிக்கொள்ளும் நிரல்.

இவற்றை ஒப்பிடும் பலரும் முதல் இணைப்பு எவ்வளவு சீக்கிரம் ஓடுகிறது என்பதையே பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். நான்குமே கூப்பிடுவது ஒரே நோஷன் ஏபிஐயைத்தான் (வெளி மென்பொருள்கள் நோஷனோடு பேசும் வாசல்). அந்த ஏபிஐக்குச் சில கறாரான விதிகள் உண்டு. அவற்றில் எதை ஒரு கருவி நமக்காகப் பார்த்துக்கொள்கிறது, எதை மறைத்து வைக்கிறது, எதை நம் தலையில் விடுகிறது என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது. அதனால் முதலில் விதிகளைப் பார்த்துவிடலாம்.

யார் கூப்பிட்டாலும் மாறாத விதிகள்

நோஷன் தன் ஏபிஐயை 2021 மே மாதம் பொது பீட்டாவாகத் திறந்தது. அன்றிலிருந்து இன்றுவரை புதிதாக வருபவர்களை முதலில் குழப்புவது அனுமதி விஷயம்தான். இன்டெக்ரேஷன் (வெளி மென்பொருளுக்கான இணைப்புப் பதிவு) ஒன்றை உருவாக்கி, டோக்கனை (கடவுச்சொல் போன்ற ரகசியக் குறியீடு) வாங்கிவிட்டால் மட்டும் எதுவும் திறந்துவிடாது. எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கத்தின் மெனுவுக்குப் போய், இணைப்புகள் பகுதியில் அந்த இன்டெக்ரேஷனைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் "அனுமதி இல்லை" என்று பதில் வராது, 404 வரும். பக்கம் கண்முன்னே இருக்கும்போது "அப்படி ஒன்றே இல்லை" என்று ஏபிஐ சொன்னால் ஐடியைத் தப்பாக ஒட்டிவிட்டோமோ என்றுதான் யாருக்கும் தோன்றும். தாய்ப் பக்கத்தில் சேர்த்தால் அதன் உள்ளே இருப்பவற்றுக்கும் அனுமதி போய்ச் சேரும். ஜாப்பியரிலும் மேக்கிலும் இதுவே வேறு வடிவில் வரும்: இணைக்கும்போது எந்தெந்தப் பக்கங்கள் என்று டிக் செய்யச் சொல்வார்கள். பிறகு வேறொரு இடத்தில் புதிதாகத் திறந்த டேட்டாபேஸ் பட்டியலில் தெரியவில்லை என்றால் காரணம் இதுதான்.

அடுத்தது வேகம். ஒரு இன்டெக்ரேஷனுக்குச் சராசரியாக நொடிக்கு 3 கோரிக்கைகள். மீறினால் 429 என்ற பிழை வரும், கூடவே எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்றும் சொல்லும். 5,000 வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க எந்தக் கருவியை வைத்தாலும் ஏறக்குறைய 28 நிமிடம் ஆகும். படிக்கும்போதும் ஒரு தடவைக்கு 100 வரிதான் கிடைக்கும், மீதிக்குத் திரும்பக் கேட்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது 2,000 வரம்பு. ஒரு உரைத் துண்டில் 2,000 எழுத்துக்குறிகளுக்கு மேல் அனுப்பினால் ஏபிஐ 400 பிழையைத் திருப்பும். இந்த எண்ணிக்கை, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையின் கணக்கு, நம் எழுத்துக் கணக்கு அல்ல. "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. "கொ" இரண்டு. ஆக 200 முதல் 250 சொற்களுக்குள் தமிழ்ப் பத்தி வரம்பைத் தொட்டுவிடும். படிவத்தில் "உங்களைப் பற்றி எழுதுங்கள்" என்று ஒரு கேள்வி வைத்திருந்தால் மனம்விட்டு எழுதும் முதல் ஆளே அதைத் தாண்டிவிடுவார். எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் நீளமான ஒரு தமிழ்ப் பத்தியை அனுப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் நம்புங்கள்.

இன்னொரு நுணுக்கம். செலக்ட் வகை நெடுவரிசைக்குப் பட்டியலில் இல்லாத மதிப்பை அனுப்பினால், ஏபிஐ மறுப்பு சொல்லாமல் புதிய தேர்வாகச் சேர்த்துக்கொள்ளும். "முடிந்தது" இருக்கும் இடத்தில் "முடிந்த்து" என்று ஒரு எழுத்துப் பிழை போனாலும் அது தனித் தேர்வாகிவிடும், வடிகட்டியில் அந்த வரி காணாமல் போகும். ஸ்டேட்டஸ் வகையில் அந்தச் சலுகை கிடையாது, இல்லாத மதிப்பு என்றால் பிழைதான். வெளியிலிருந்து தரவு வரும் டேட்டாபேஸுக்கு நான் ஸ்டேட்டஸையே பரிந்துரைப்பேன். சத்தமில்லாமல் கெட்டுப்போவதைவிடச் சத்தம் போட்டு நிற்பது எவ்வளவோ மேல்.

ஜாப்பியரும் மேக்கும்

இரண்டும் இணைய உலாவியிலேயே கட்டி முடிக்கும் சேவைகள். நிரல் எழுதத் தெரியாதவருக்கு ஜாப்பியர் எளிது என்பதில் சந்தேகமே இல்லை. இது நடந்தால் அதைச் செய், அவ்வளவுதான் அதன் தர்க்கம். மேக்கில் வட்டங்களை இழுத்துக் கோத்து வரைபடமாகக் கட்டுகிறோம். 2022 வரை இன்டெக்ரோமேட் என்ற பெயரில் இருந்த அதே சேவைதான் இது.

வித்தியாசம் கணக்கிடும் முறையில் இருக்கிறது. ஜாப்பியரில் வெற்றிகரமாக முடிந்த ஒவ்வொரு செயலும் ஒரு டாஸ்க். தொடக்க நிகழ்வு கணக்கில் வராது. நம் உதாரணத்தில் நோஷனில் எழுதுவது ஒன்று, டெலிகிராமுக்குச் சொல்வது ஒன்று, ஆக ஒரு பதிவுக்கு 2 டாஸ்க். இலவசத் திட்டத்தில் மாதம் 100 டாஸ்க் உண்டு, ஆனால் அதில் ஒரு தொடக்கமும் ஒரு செயலும் மட்டுமே கோக்கலாம். டெலிகிராமையும் சேர்த்தால் காசு கட்ட வேண்டியதுதான்.

மேக்கின் இலவசத் திட்டம் மாதம் 1,000 கிரெடிட் தருகிறது, ஒவ்வொரு படி ஓடும்போதும் ஒன்று கழியும். பத்து மடங்கு என்று பார்த்ததும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மேக்கில் "புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா" என்று எட்டிப் பார்ப்பதே கணக்கில் ஏறும், ஒன்றும் வரவில்லை என்றாலும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொன்னால் நாளைக்கு 96, 30 நாளுக்கு 2,880. ஒருவர்கூடப் பதியாமலே ஒதுக்கீடு தீர்ந்துவிடும். மணிக்கு ஒரு முறை என்று மாற்றினால் 720 போக 280 மிஞ்சும், அதாவது 140 பதிவுகள். வெப்ஹுக் (ஏதாவது நடந்ததும் தானாக வந்து சொல்லும் அழைப்பு) மூலம் தொடங்கினால் இந்த எட்டிப் பார்க்கும் செலவே கிடையாது. மேக்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதல் நாளே வெப்ஹுக்குக்குப் போய்விடுவது நல்லது.

பிழை வரும்போது என்ன ஆகிறது என்பதில் மேக் எனக்குப் பிடித்திருக்கிறது. எந்தக் கட்டத்தில் தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லி வைக்கலாம், பாதியில் நின்றவற்றைச் சேமித்து வைத்துப் பிறகு ஓட்டலாம். இதை அமைக்காமல் விட்டால் அடுத்தடுத்துப் பிழை வரும்போது சினாரியோ (மேக்கில் கட்டிய இணைப்பு) தானாகவே நின்றுவிடும். அதைச் சொல்லி வரும் மின்னஞ்சலை யாராவது படிக்க வேண்டும், பொது முகவரிக்குப் போனால் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை.

என்8என்

2019இல் பெர்லினில் தொடங்கிய கருவி. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெரிய ஈர்ப்பு. அப்படி நிறுவினால் மாதத்துக்கு இத்தனை ஓட்டம் என்ற கணக்கே இல்லை. அவர்களுடைய கிளவுடில் வைத்தாலும் ஒரு முழு ஓட்டத்துக்கு ஒரு எண்ணிக்கைதான், உள்ளே இருபது படி இருந்தாலும் சரி. படிகள் கூடக் கூட ஜாப்பியர், மேக் இரண்டிலும் செலவு ஏறும், இங்கே ஏறாது. நோஷனிலிருந்து நூற்றுக்கணக்கான வரிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் சரிபார்த்து, வேறு இடத்தில் எழுதும் வேலை என்றால் என் தேர்வு இதுதான். 100 வரி வரம்பை "எல்லாவற்றையும் எடு" என்ற ஒரு சுவிட்சில் முடித்துவிடலாம். நோஷனுக்கான கட்டத்தில் இல்லாத வசதி தேவைப்பட்டால், அதே டோக்கனை வைத்து ஏபிஐயை நேரடியாகக் கூப்பிடும் கட்டம் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் சர்வர் உங்களுடையது என்றால் பொறுப்பும் உங்களுடையது. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். என்8என் உங்கள் டோக்கன்களை மறையாக்கம் செய்து வைக்கிறது, அதற்கான சாவியை முதல் முறை ஓடும்போது தானே உருவாக்கிக்கொள்கிறது. டாக்கரில் (மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) வால்யூம் (தரவு அழியாமல் தங்கும் இடம்) எதுவும் இணைக்காமல் ஓட்டி, பிறகு கண்டெய்னரை அழித்துப் புதிதாக ஏற்றினால் எல்லாமே போய்விடும். டேட்டாபேஸைத் தனியாக வைத்திருந்து சாவி மட்டும் தொலைந்தாலும், வொர்க்ஃப்ளோக்கள் (கட்டி வைத்த இணைப்புகள்) கண்ணுக்குத் தெரியும், சேமித்த டோக்கன் ஒன்றையும் திறக்க முடியாது. சாவியை நாமே சூழல் மாறியாக (மென்பொருளுக்கு வெளியிலிருந்து தரும் அமைப்பு) கொடுத்து, அதன் நகலை வேறு இடத்தில் வைப்பது நிறுவும் நாளிலேயே முடிக்க வேண்டிய வேலை. குழுவில் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை என்றால் சொந்த நிறுவல் பக்கமே போகாதீர்கள்.

சொந்த நிரல்

நூறு வரிக்குள் முடியும் வேலை. ஜாவாஸ்கிரிப்டுக்கு நோஷனே நூலகம் தருகிறது, பைத்தானுக்குச் சமூகம் எழுதிய நூலகம் நன்றாக இருக்கிறது. விதிகள் எல்லாம் வெட்டவெளியில் தெரிவதுதான் இதன் பலம். 429 வந்தால் எவ்வளவு பொறுப்பது, வரம்பு மீறிய பத்தியை எங்கே வெட்டுவது என்பதை நாமே முடிவு செய்கிறோம்.

வெட்டுவது என்றதும் பலர் எழுதுவது முதல் 2,000ஐ எடு, அடுத்த 2,000ஐ எடு என்பதுதான். ஆங்கிலத்தில் இது சொல்லின் நடுவே வெட்டும், அவ்வளவே. தமிழில் எழுத்தின் நடுவிலேயே வெட்டும். "கொ"வின் ககரம் ஒரு துண்டின் கடைசியில் நிற்க, அதன் உயிர்க்குறி அடுத்த துண்டின் தொடக்கத்தில் தனியாகப் போய், புள்ளி வட்டத்தோடு தொங்கும். 2,000ஆவது இடத்திலிருந்து பின்னோக்கிப் போய் முதலில் வரும் இடைவெளியில் வெட்டினால் தீர்ந்தது. ஒரே பத்திக்குள் பல துண்டுகளை அடுக்கலாம் என்பதால் படிப்பவருக்குப் பிரிவு தெரியாது. இந்த மாதிரி நுணுக்கத்துக்காகவே தமிழ் உள்ளடக்கத்தைக் கையாளும் குழுக்கள் அந்த ஒரு படிக்காவது சொந்த நிரல் வைத்துக்கொள்வது நல்லது. என்8என்னின் கோட் கட்டத்துக்குள்ளும் இதை எழுதலாம்.

எங்கே ஓட்டுவது? கூகுள் படிவத்திலிருந்து தொடங்குகிறது என்றால் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (கூகுள் சேவைகளுக்குள்ளேயே நிரல் ஓட்டும் வசதி) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, செலவும் இல்லை. ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான். நொடிக்கு 3 என்ற விதியோடு சேர்த்துப் பார்த்தால் அதிகபட்சம் ஆயிரம் வரிக்குச் சற்று மேல். தினசரிப் பதிவுகளுக்குத் தாராளம், பழைய தரவை மொத்தமாக ஏற்றப் போதாது. நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் ஆக்‌ஷன்ஸில் நேரம் குறித்து ஓட்டுபவர்களும் உண்டு. பொதுக் களஞ்சியத்தில் (எவரும் பார்க்கக்கூடிய நிரல் சேமிப்பிடம்) 60 நாள் எந்த மாற்றமும் இல்லையென்றால் அந்த நேர அட்டவணை நிறுத்தப்படும் என்பதை நினைவில் வையுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலை யாரும் தொட மாட்டோம், அதனால்தான் இது கவனத்துக்கு வராமலே போகிறது.

2025 செப்டம்பரில் வந்த மாற்றம்

நோஷன் தன் ஏபிஐயின் 2025-09-03 என்ற பதிப்பை வெளியிட்டது. அதுவரை ஒரு டேட்டாபேஸ் என்றால் ஒரு அட்டவணை. இப்போது ஒரு டேட்டாபேஸுக்குள் பல தரவு மூலங்கள் இருக்கலாம், வரிகளைக் கேட்க அந்த மூலத்தின் ஐடி வேண்டும். பழைய பதிப்பைக் குறிப்பிட்டு எழுதிய நிரல்கள் உடனே நிற்கவில்லை. ஆனால் யாராவது ஒருவர் அந்த டேட்டாபேஸில் இரண்டாவது மூலத்தைச் சேர்த்தால் போதும், பழைய முறையில் கேட்பதும் வரி சேர்ப்பதும் அங்கே தோற்றுவிடும். நிரலை ஒருவரும் தொடவில்லை, டோக்கன் அப்படியே இருக்கிறது, ஆனாலும் இணைப்பு உடைகிறது.

நான்கு வழிகளையும் எடைபோட இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஜாப்பியரிலும் மேக்கிலும் திருத்தம் அவர்கள் பொறுப்பு, அவர்கள் செய்யும் வரை காத்திருக்க வேண்டும். என்8என்னில் புதிய பதிப்பை ஏற்ற வேண்டும், அவசரம் என்றால் நேரடிக் கூப்பிடல் கட்டத்தால் சமாளிக்கலாம். சொந்த நிரலில் அன்றைக்கே திருத்தலாம், எழுதியவர் குழுவில் இருந்தால். அவர் போய்விட்டிருந்தால் நான்கிலும் மோசமான நிலை அதுதான்.

இருபக்க ஒத்திசைவு கேட்பவர்களுக்கு

நோஷனில் மாற்றினால் நாட்காட்டியில் மாற வேண்டும், நாட்காட்டியில் மாற்றினால் நோஷனில் மாற வேண்டும் என்று கேட்பார்கள். இதற்கு நான்கில் எதையும் மனமாரச் சொல்ல மாட்டேன். நோஷன் தரும் கடைசித் திருத்த நேரம் நிமிடக் கணக்கில்தான் இருக்கிறது, நொடி கிடையாது. ஒரே நிமிடத்துக்குள் இரு பக்கமும் மாறினால் எது பிந்தையது என்று சொல்ல வழியில்லை. தவிர, ஒத்திசைவு எழுதும் திருத்தமும் திருத்தம்தான். அதைப் பார்த்து மறுபக்கம் எழுத, அதைப் பார்த்து இந்தப் பக்கம் எழுத என்று சுற்றிக்கொண்டே இருக்கும். 2025இல் நோஷன் ஏபிஐயில் வந்த வெப்ஹுக்குகளும் மாறியதன் ஐடியைத்தான் சொல்கின்றன, என்ன மாறியது என்று தெரிய மறுபடி ஏபிஐயைக் கேட்க வேண்டும்.

தவிர்க்கவே முடியாது என்றால் நெடுவரிசைகளைப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். தேதியும் இடமும் நாட்காட்டியிலிருந்து மட்டும் வரட்டும், பொறுப்பாளரும் நிலையும் நோஷனில் மட்டும் மாறட்டும். நாட்காட்டி நிகழ்வின் ஐடிக்கு நோஷனில் ஒரு தனி நெடுவரிசை வைத்து, சேர்ப்பதற்கு முன் அந்த ஐடி இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்று தடுக்கும் வசதி நோஷன் டேட்டாபேஸில் இல்லை. கடைசியாக மாற்றியவர் இன்டெக்ரேஷனே என்றால் அந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விடும் ஒரு நிபந்தனையும் வேண்டும். இந்த மூன்றையும் என்8என்னிலும் சொந்த நிரலிலும் சிரமமின்றி எழுதலாம். ஜாப்பியரில் தேடுவதும் ஒரு டாஸ்க்காக எண்ணப்படும்.